பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டமும் பேய்க் கதைகளும்: மாணவர்களுக்கு எதைச் சொல்வது?

உப்பங்கழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்கள் சிலரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்று பழைய இடங்களைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு எனக்கு வாய்த்திருக்கிறது. அதற்காகக் காணொளிகளைத் தேடியபோது, கண்ணில் பட்டவற்றுள் பெரும்பாலானவை டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைப் பேய் உலவும் இடமாகவே காட்டின. நுழைவாயிலில் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டி, உள்ளே கிடப்பவர்கள் சாபத்துக்கு ஆளானவர்கள் என்றும், இருட்டிய பின் சிப்பாய்களின் காலடி ஓசை கேட்கும் என்றும் சொல்கிறார்கள். மாணவர்களும் இவற்றையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த எலும்புக்கூடுகள் எதற்காகச் செதுக்கப்பட்டன? இந்த ஊருக்கு இருண்ட வரலாறு என்று உண்மையாகவே ஒன்று உண்டா? பேய்க் கதைகளைச் சொல்லாமலே தவிர்த்துவிடலாமா என்பதிலும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கல்வெட்டுப்பித்தன்

எலும்புக்கூடுகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சாபமும் இல்லை, மாந்திரீகமும் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியக் கிறித்தவர்கள் தங்கள் கல்லறைகளில் மண்டையோடு, எலும்புக்கூடு, மணற்கடிகாரம் ஆகியவற்றைச் செதுக்குவது பரவலான வழக்கம். உனக்கும் சாவு உண்டு, அதை நினைத்து வாழ் என்று பார்ப்பவருக்கு நினைவூட்டுவதே அதன் நோக்கம்.

அங்கே புதைக்கப்பட்டவர்கள் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் ஆவர். 1612-இல் போர்ச்சுக்கீசியர் பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்களின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே அங்கு டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பழவேற்காடே அவர்களுடைய முதன்மைத் துறைமுகமாக இருந்தது. துணி வணிகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே வெடிமருந்தும் தயாரிக்கப்பட்டது, நாணயமும் அச்சிடப்பட்டது. தாங்கள் கேட்கும் இருண்ட பகுதியை என்னைவிடப் பழைய ஏடு நன்றாகச் சொல்வார்.

பழைய ஏடு

அந்த ஊரின் இருண்ட வரலாறு அடிமை வணிகம். கல்லறைத் தோட்டத்தில் அதைத் தேடினால் கிடைக்காது, ஏனெனில் அந்த வணிகத்தில் சிக்கியவர்களுக்கு அங்கே கல்லறை கிடையாது.

டச்சுக்காரர்கள் 1619-இல் ஜாவாவில் பத்தாவியாவை நிறுவினார்கள். அதுவே இன்றைய ஜகார்த்தா. 1621-இல் ஜாதிக்காய்க்காகப் பாண்டா தீவுகளைக் கைப்பற்றி, அங்கிருந்த மக்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றும் பட்டினி போட்டும் துரத்தியும் அழித்தார்கள். புதிய நகரத்தைக் கட்டுவதற்கும், மனிதர் இல்லாமற்போன தோட்டங்களில் வேலை செய்வதற்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. அதே காலத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சம் தலைவிரித்தாடியது. பிள்ளைகளையும் தங்களையுமே விற்று உயிர் பிழைக்க மக்கள் முன்வந்த நிலையில், 1622, 1623 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் முதலிய துறைகளிலிருந்து 1,900 பேர் கப்பலேற்றப்பட்டார்கள். கையில் பணம் இருந்திருந்தால் இன்னும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் எழுதினார்கள். இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மாணவர்களிடம் சொல்லுங்கள். எந்தப் பேய்க் கதையும் இதைவிட நடுங்க வைக்காது.

அதன் பிறகும், போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் வணிகம் பெருகியது. 1659 முதல் 1661 வரை பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி வாங்கியவர்கள் 8,000 முதல் 10,000 பேர் வரை இருப்பார்கள் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களில் பெரும்பகுதியினர் இலங்கைக்கும், சிறு பகுதியினர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பப்பட்டார்கள். விற்றதிலும் பிடித்துக் கொடுத்ததிலும் நம்மூர்த் தரகர்களுக்கும் பங்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆங்கிலேயரும் கைகழுவிவிட முடியாது: 1687 செப்டம்பர் மாதத்தில் மட்டும் சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து 665 அடிமைகள் ஏற்றுமதியானார்கள்.

எண்கள் மனத்தில் நிற்காது என்றால் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். டச்சு ஆவணங்களில் அவர் பெயர் 'பலியகட்டாவின் கத்தரீனா'. பலியகட்டா என்பது பழவேற்காட்டை டச்சுக்காரர்கள் அழைத்த பெயர். ஊரின் பெயரே அவருடைய அடையாளம், பெற்றோர் இட்ட பெயர் பதியப்படவில்லை. பத்தாவியாவில் அடிமையாக இருந்த அவருக்கு, மலபாரிலிருந்து வந்த கிளாஸ் என்ற அடிமையின் சாவுக்குக் காரணமானார் என்று 1656-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்பு அது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, மறு ஆண்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே துணி வெளுக்கும் வேலை செய்தார். ஒரு சிப்பாய் வழியாக அவருக்குப் பிறந்த கிறிஸ்தோஃபெல் என்ற மகன் 1669-இல் ஞானஸ்நானம் பெற்றான். தென்னாப்பிரிக்காவில் இன்று ஸ்னேமன் என்ற குடும்பப் பெயரோடு வாழ்வோர் பலருக்கு அவன்தான் மூதாதை.

ஏரிக்கரை

நான் இந்தப் பகுதியைச் சேர்ந்தவன். மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் பேய்க் கதைகளை அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டை இருந்த மேட்டில் முட்புதர் மண்டிக் கிடக்கிறது, பாம்புகளும் உண்டு. அந்திக்குப் பின் அந்தப் பக்கம் போகாதே, பேய் பிடிக்கும் என்று பெரியவர்கள் பிள்ளைகளை அச்சுறுத்தியதற்கு அதுவே போதுமான காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மக்களின் நம்பிக்கைப்படி யார் பேயாக அலைகிறார்கள்? அற்பாயுளில் துர்மரணம் அடைந்தவர்களும், கொள்ளி வைக்கவும் நீர்க்கடன் கழிக்கவும் ஆளில்லாமல் போனவர்களுந்தான். பெயர் பொறித்த கல்லின் கீழே முறையான அடக்கம் பெற்ற கம்பெனி அதிகாரிக்கு அலைய வேண்டிய தேவை இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் அலைய வேண்டியவர்கள் கப்பலிலேயே செத்துக் கடலில் வீசப்பட்டவர்கள். காணொளி எடுப்பவர்கள் வெள்ளைக்காரப் பேயைத் தேடுவதால், நம்மவர் துயரம் கதையிலும் இடம் பெறாமல் போகிறது. இதுதான் எனக்கு வருத்தம்.

உப்பங்கழி

மிக்க நன்றி. கல்லறைத் தோட்டத்திலிருந்து தொடங்கலாம் என்றிருந்தேன். இனி வரிசையை மாற்ற வேண்டும் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது நல்லது?

பழைய ஏடு

நீர்க்கரையிலிருந்து தொடங்குங்கள். பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் மனிதர்களும் படகுகளில் கொண்டுசெல்லப்பட்டதை அங்கே நின்று விளக்கினால் எளிதில் புரியும். கத்தரீனாவின் கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம். அடுத்து, புதருக்குள் நுழையாமல் வெளியே நின்றபடி கோட்டை மேட்டைக் காட்டுங்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியதை அங்கே ஓரிரு வாக்கியங்களில் முடித்துக்கொள்ளலாம். கல்லறைத் தோட்டம் கடைசியில் வரட்டும். எலும்புக்கூடுகளின் பொருளைக் கல்வெட்டுப்பித்தன் சொன்னபடி விளக்கி, பேய்க் கதையையும் சொல்லி, ஏரிக்கரை எழுப்பிய கேள்வியை மாணவர்களிடமே கேளுங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் கற்களின் மேல் ஏறவோ சாய்ந்து படம் எடுக்கவோ விடாதீர்கள்.

ஆய்வில் நாட்டமுள்ள மாணவர் எவரேனும் இருந்தால், சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1657 முதலான டச்சு ஆவணங்கள் இருப்பதைச் சொல்லிவையுங்கள். பழைய டச்சு மொழி படிக்கத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. ஒருவர் கற்றுக்கொண்டாலும் பெரிய பயன் உண்டு.