பத்துப் பேர் கூடாத ஜெப ஆலயத்தின் ரபிக்கு என்ன எழுதுவது?

கேள்வி: ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் வசிக்கிறாள். அவளுடைய அண்டை வீட்டில் குடியிருக்கும் யூத ரபியும் (சமய ஆசிரியர்) அவருடைய மனைவியும் சென்ற தை மாதம் புதுச்சேரிக்கு வந்து, எங்கள் வீட்டு மாடியில் பத்து நாட்கள் தங்கினார்கள். அவர்களுடைய உணவு விதிகள் கண்டிப்பானவை என்பதால், நறுக்காத பழங்களையும் இளநீரையும் தவிர வேறெதையும் என்னால் கொடுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, சூரியன் மறைவதற்கு 18 நிமிடங்களுக்கு முன்பாக, அந்த அம்மையார் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றிக் கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு நின்றார். கீழே நான் குத்துவிளக்கு ஏற்றும் நேரமும் அதுவே.

புறப்படுவதற்கு முந்தைய இரவு ரபி மனம் திறந்து பேசினார். அவர் பின்பற்றும் பழைய மரபின்படி, கூட்டு வழிபாட்டுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். (பெண்களையும் கணக்கில் சேர்க்கும் யூதப் பிரிவுகளும் உண்டு.) பத்துப் பேர் சேராவிட்டால் யூதர்களின் வேதநூலான தோராவின் சுருளைப் பேழையிலிருந்து எடுத்து முறைப்படி வாசிக்க இயலாது, இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் மன்றாட்டையும் சொல்ல இயலாது. அல்சாஸ் கிராமங்களில் வழிபாடு நின்றுபோன ஜெப ஆலயங்கள் பல இருப்பதால், தம்முடையதும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். தந்தையை இழந்த ஓர் இளைஞர் மூன்று வாரம் தொடர்ந்து வந்தும், எண்ணிக்கை ஒன்பதிலேயே நின்றுவிட்டதால் கதீஷ் சொல்லாமல் திரும்பிப் போனார் என்பதைச் சொல்லும்போது அவருடைய குரல் தழுதழுத்தது.

அவருக்கு ஒரு கடிதம் எழுத விரும்புகிறேன். வேற்றுச் சமயத்தவளான நான், வெற்று ஆறுதலாக இல்லாமல், தம் சமூகத்தின் சமய வாழ்வைக் காக்கப் பாடுபடும் ஒருவருக்கு உண்மையிலேயே தெம்பளிக்கும்படி என்ன எழுதலாம்?

மறுமொழி 1: மஞ்சக்குப்பம், கடலூர்

அம்மா, கூட்டம் விரைவில் பெருகும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது நம் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. எண்ணிக்கையைப் பற்றி அவருடைய மரபே வேறொன்றைச் சொல்கிறது. பத்துப் பேர் தோராவைக் கற்க அமர்ந்தால் இறைவனின் பிரசன்னம் அவர்கள் நடுவே தங்கும் என்று தொடங்கும், மிஷ்னா என்னும் பழைய யூதப் போதனைத் தொகுப்பின் பகுதி ஒன்று, ஐவர், மூவர், இருவர் என்று படிப்படியாக இறங்கி, ஒருவர் தனியே அமர்ந்து கற்றாலும் தங்கும் என்று முடிகிறது. வழிபாட்டுக்குப் பத்துப் பேர் தேவைப்படலாம்; கல்விக்கு ஒருவரே போதும். ஒன்பது பேர் வந்த நாளில் வருத்தத்தோடு கலைந்து போகாமல், அந்த வாரத்துக்குரிய தோராப் பகுதியை அச்சுப் புத்தகத்திலிருந்து சேர்ந்து படிக்கலாம். அதற்கு விதி தடையாக இல்லை.

கி.பி. 70இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபோது பலிபீடமும் போயிற்று, குருக்களின் பணியும் போயிற்று. யோகனான் பென் சக்காய் என்னும் ரபி யாவ்னே என்ற ஊரில் மாணவர்களைக் கூட்டிக் கற்பிக்கத் தொடங்கினார். பாவ நிவர்த்திக்கு இடமாக இருந்த ஆலயம் இடிந்து கிடக்கிறதே என்று புலம்பிய தம் சீடரிடம், அதற்கு நிகரான நிவர்த்தி அன்புச் செயல்களில் நமக்கு உண்டு என்று அவர் தேற்றியதாக மரபு கூறுகிறது. ரபி என்ற பதவிக்கு இன்றுள்ள பொருளே அந்த இழப்புக்குப் பிறகுதான் முழுமையாக உருவானது என்பதை நினைத்தால், உங்கள் நண்பர் தனியாக நிற்கவில்லை என்பது விளங்கும்.

மறுமொழி 2: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நான் பன்னிரண்டு ஆண்டுகள் மும்பையில் பணியாற்றியபோது பெனே இஸ்ரயேல் என்னும் இந்திய யூதக் குடும்பங்களோடு பழகியிருக்கிறேன். கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த அவர்களுடைய முன்னோர்கள் யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் செக்கை ஓட்டாததால் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று அழைக்கப்பட்டார்கள். மற்ற யூதர்களோடு நெடுங்காலம் தொடர்பற்றுப் போயிருந்தும் ஓய்வுநாளையும், விருத்தசேதனத்தையும், ஷெமா என்னும் மன்றாட்டையும் அவர்கள் விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொச்சியிலிருந்து யூத ஆசிரியர்கள் போய் அவர்களுக்குக் கற்பித்தார்கள். அந்தக் கொச்சியிலும் பட்டம் பெற்ற ரபி என்று எவரும் இருக்கவில்லை. 1568இல் கட்டப்பட்ட மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தில் கற்றறிந்த குடும்பத்தலைவர்களே வழிபாட்டை நடத்தினார்கள், வீடுகளில் பெண்கள் மலையாளத்திலேயே சமயப் பாடல்களைப் பாடிவந்தார்கள்.

இதனால் ரபி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சுமையையும் அவர் ஒருவரே தூக்க வேண்டியதில்லை என்கிறேன். காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து நியாயம் தீர்த்துக்கொண்டிருந்த மோசேயிடம், நீயும் தளர்ந்துபோவாய், உன் மக்களும் தளர்ந்துபோவார்கள் என்று மாமனார் எத்திரோ எச்சரித்து, பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிக்கச் செய்தார். சுருளைப் பார்த்து இசையோடு வாசிக்க மூன்று பேருக்காவது அவர் கற்றுக்கொடுக்கட்டும். நடக்க முடியாத முதியவர்களை வியாழக்கிழமையே சென்று பார்க்க வேறு இருவர் பொறுப்பேற்கட்டும். மற்றவர்களுக்கு ஓய்வுநாளாக இருப்பது ரபிக்குக் கடுமையான வேலைநாள் என்பதால், வாரத்தில் வேறொரு நாளையாவது அவர் தமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 3: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்புக் கொண்டே ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ரபிக்கு மிஷ்னாவை எடுத்துக் காட்டி எழுதுவது கொல்லர் தெருவில் ஊசி விற்பது போல ஆகிவிடக்கூடும். அவருக்கு அவை மனப்பாடமாகவே இருக்கும். தளர்ந்த நாளில் அவற்றை நினைவூட்ட ஆள் இல்லாததுதான் குறை.

நான் ஓதுவார் பணி செய்தவன். அடைமழைக் காலத்துச் சாயரட்சை பூசையில், கேட்பதற்கு ஒருவரும் இல்லாத மண்டபத்தில் பல நாள் தேவாரம் பாடியிருக்கிறேன். அப்போது என்னைத் தாங்கியது, மாதம் ஒருமுறை என் ஆசிரியரிடம் போய் ஒரு பதிகத்தைப் புதிதாகக் கேட்டு வந்ததுதான். உனக்கு ஓர் ஆசிரியரைத் தேடிக்கொள், ஒரு நண்பரைச் சம்பாதித்துக்கொள் என்பது அவர்களுடைய முன்னோர் வாக்கு என்று ஒரு நண்பர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆசிரியராக இருப்பவருக்கு இன்று ஆசிரியர் யார் என்று அன்போடு கேளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அறிவுரையாக எழுதாமல், கேள்விகளாக எழுத முடிவு செய்துவிட்டேன். அந்த வாரத்துத் தோராப் பகுதியில் அவர் என்ன படித்துக்கொண்டிருக்கிறார், யாரோடு சேர்ந்து படிக்கிறார், சுருள் வாசிக்க யாருக்காவது கற்பிக்கத் தொடங்கினாரா என்று கேட்கப்போகிறேன். கொச்சி யூதர்களைப் பற்றியும் சனிக்கிழமை எண்ணெய்க்காரர்களைப் பற்றியும் இங்கே அறிந்ததை ஒரு தனித் தாளில் பிரெஞ்சில் எழுதி இணைக்கிறேன். தந்தையை இழந்த அந்த இளைஞர் இப்போது எப்படி இருக்கிறார் என்பதை முதல் வரியிலேயே கேட்டுவிடுவேன்.