ஆட்டுப் பண்ணையில் நரித் தொல்லை: முதல் ரைஃபிள் எது வாங்கலாம்?

பாகூரான்:
வணக்கம். என் அக்கா மகன் இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷயரில் ஓர் ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். மார்ச், ஏப்ரல் அங்கே ஆடுகள் குட்டி போடும் காலம். பிறந்து ஓரிரு நாளான குட்டிகளை நரி தூக்கிக்கொண்டு போகிறதாம். பண்ணைக்காரருக்கு வயதாகிவிட்டது. இனி இந்த வேலையை நீதான் பார்க்க வேண்டும், போலீஸில் துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பம் போடு என்று சொல்லிவிட்டார். பையன் பாகூர் ஏரிக்கரையில் வளர்ந்தவன், கவணைத் தவிர எதையும் கையில் எடுத்ததில்லை. "மாமா, சுட்டால் அதே இடத்தில் உயிர் போய்விட வேண்டும், துடிக்கக் கூடாது. அதற்கு எந்த ரைஃபிள் சரி?" என்று கேட்கிறான். எந்த காலிபர் (துப்பாக்கிக் குழலின், தோட்டாவின் அளவு) என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டுமாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முந்திரிக்காடு:
அண்ணே, முதல் துப்பாக்கி என்றால் .22 போதும். தோட்டா விலை குறைவு, சத்தம் குறைவு, தோளில் உதைக்காது. நரி என்ன யானையா? பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தா காலத்தில் ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டுதான் தோப்பையே காவல் காத்தார்கள்.

கெடிலக்கரை:
நான் கடலூர்க்காரன். ஹெர்ஃபோர்ட்ஷயரில் குடியிருக்கிறேன், உரிமம் வைத்திருக்கிறேன், நரி சுடுகிறேன். முந்திரிக்காடு சொல்வதை அந்தத் தம்பி தயவுசெய்து கேட்க வேண்டாம்.

.22 ரிம்ஃபயர் என்ற சிறிய, வலு குறைந்த தோட்டா முயலுக்கானது. சத்தம் குறைந்த தோட்டாவில் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு ஏறக்குறைய 100 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்பும். நரியின் எடை ஐந்திலிருந்து ஏழு கிலோ. மிக அருகில், அசையாமல் நிற்கும் நரியை நல்ல கைப்பழக்கம் உள்ளவர் கொன்றுவிடலாம். 80 மீட்டரில் புதிதாகச் சுடுகிறவர் சுட்டால் அது வேலிக்குள் புகுந்து ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துச் சாகும். பையன் எதைத் தவிர்க்க நினைக்கிறானோ அதுதான் நடக்கும். இன்னொன்று, மெதுவாகப் போகும் அந்த ஈயக் குண்டு கல்லிலும் காய்ந்த தரையிலும் பட்டுத் தெறித்து வேறு பக்கம் போகும். சுற்றிலும் ஆடுகள் நிற்கிற வயலில் இதை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

.17 எச்எம்ஆர் கொஞ்சம் மேல், சுமார் 245 அடி-பவுண்டு. ஆனால் குண்டு 17 கிரெய்ன்தான், காற்றடித்தால் ஒதுங்கிவிடும். நரியை முக்கிய வேலையாக வைத்து இதை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். சத்தத்துக்காக அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள் என்றால் .22 ஹார்னெட் உண்டு, பெயரில் .22 இருந்தாலும் அது ரிம்ஃபயரைவிட வலுவான வேறு தோட்டா.

நான் சொல்வது .223 ரெமிங்டன். 50, 55 கிரெய்ன் குண்டு நொடிக்கு 3,200 அடி வேகத்தில், 1,200 அடி-பவுண்டுக்குச் சற்று மேல். 150 மீட்டர் வரை குறியை அதிகம் ஏற்றி இறக்க வேண்டியதில்லை. உதை லேசு. விரியும் குண்டு நெஞ்சுக்குள் போய் உடைந்துவிடும், நரி நின்ற இடத்திலேயே விழும். டிக்கா, சிஇசட் இரண்டு கம்பெனியிலும் நல்ல போல்ட் ரைஃபிள் கிடைக்கும், பழையதே வாங்கலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல ஸ்கோப்பிலும் சைலன்சரிலும் போடட்டும்.

தேவனாம்பட்டினம்:
ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். .223 சரிதான், ஆனால் ஒரே ரைஃபிள்தான் வாங்கப்போகிறான் என்றால் .243 வின்செஸ்டர் வாங்கட்டும். ஷ்ராப்ஷயரில் மான் தொல்லையும் உண்டு. இங்கிலாந்துச் சட்டப்படி பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 காலிபரும் 1,700 அடி-பவுண்டும் வேண்டும். .223 வைத்திருப்பவர் மன்ட்ஜாக், சீன நீர்மான் ஆகிய சிறிய மான்களோடு நின்றுகொள்ள வேண்டியதுதான். .243 இரண்டு வேலைக்கும் ஆகும். காற்றிலும் குண்டு நிதானமாகப் போகும். நரிக்கு வேதனை கூடாது என்றால் ஆற்றல் கூடுதலாக இருப்பது நல்லதுதானே?

கெடிலக்கரை:
ஐயா, கணக்கு சரி, ஆளை மறந்துவிட்டீர்கள். இதுவரை துப்பாக்கி தொடாத பையன். .243 உதைப்பதும் அதிகம், சத்தமும் அதிகம். அந்த அதிர்ச்சிக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடினால் குண்டு வயிற்றில் பாயும். எத்தனை ஆற்றல் இருந்தாலும் வயிற்றில் பட்ட நரி வேதனைப்பட்டுத்தான் சாகும். .223 தோட்டா விலை குறைவு, அட்டையில் சுட்டுச் சுட்டுக் கை படியும். இன்னொரு செய்தி: 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள ஈயக் குண்டுகளை நிறுத்தப்போவதாக பிரிட்டிஷ் அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. .243 சரியாக அந்தக் கோட்டில் வந்து நிற்கிறது. புதிதாக வாங்குகிறவர் அதையும் யோசிக்க வேண்டும்.

ஊசுட்டேரி:
எல்லோரும் காலிபரைப் பற்றியே பேசுகிறீர்கள். கொல்லத்தான் வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே!

செத்துப்போகும் ஆட்டுக்குட்டிகளில் பெரும்பாலானவை குளிரிலும் பாலில்லாமலும் நோயிலும்தான் சாகின்றன. நரி வாயில் இருப்பது பல நேரம் ஏற்கெனவே செத்த குட்டி, இல்லையென்றால் நஞ்சுக்கொடி. அப்புறம், ஒரு நரியைக் கொன்றால் அந்த எல்லைக்குள் அடுத்த நரி வந்துவிடும். 2001-இல் கோமாரி நோய் பரவியதால் பிரிட்டனில் நாய்களோடு போகும் நரி வேட்டை ஏறக்குறைய ஒரு வருடம் நின்றது. நரிகளின் எண்ணிக்கை கூடவில்லை என்று 2002-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. குட்டி போடும் வயலுக்கு மின்வேலி, இரவில் கொட்டகை, செத்த குட்டிகளை உடனே அகற்றுவது. இதையெல்லாம் செய்துவிட்டுத் துப்பாக்கியைப் பேசலாமே. ஊசுட்டேரியில் பறவை பார்க்கப் போகும்போது தூரத்தில் ஒரு நரி கண்ணில் பட்டாலே எனக்கு அன்றைய பொழுது நிறைந்துவிடும். அதைக் குறியாகப் பார்க்க என்னால் முடியாது.

கெடிலக்கரை:
அக்கா, மின்வேலியில் எனக்கும் சம்மதம். ஆனால் அந்த ஆய்வு அளந்தது நாய் வேட்டை நின்றதன் விளைவை மட்டும்தான். ஒரு குறிப்பிட்ட வயலுக்கு, குட்டி போடும் அந்தச் சில வாரம் வந்து பழகிவிட்ட ஒரு நரியை நிறுத்துவது வேறு விஷயம். தரையில் கூடு கட்டும் பறவைகளைக் காப்பாற்ற பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே சில சரணாலயங்களில் நரி சுடுகிறது. பறவை மேல் உங்களுக்கு இருக்கும் அதே பிரியத்தில்தான் அவர்களும் செய்கிறார்கள்.

சுடாவிட்டால் வேறு என்ன? கண்ணி வைப்பதை எல்லைக்கு அந்தப் பக்கம் வேல்ஸ் 2023 அக்டோபரில் தடை செய்துவிட்டது. விஷம் குற்றம். நாய்களை விட்டுக் கொல்வதற்கு 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் 2000-இல் பர்ன்ஸ் பிரபு தலைமையிலான குழு எல்லா முறைகளையும் ஆராய்ந்தது. எந்த முறையிலும் குறை இருக்கிறது என்றும், பாதுகாப்பாகச் செய்ய முடிந்த இடத்தில் இரவில் விளக்கு வைத்துச் சுடுவது நாய் வேட்டையைவிட விலங்குக்கு வேதனை குறைவானது என்றும் சொன்னது. பகலில் ஷாட்கன்னால் சுடுவதைப் பற்றி அந்தக் குழுவுக்கே கவலை இருந்தது.

கடலூர் கால்நடை டாக்டர்:
வேதனையைப் பற்றிப் பேசுவதால் நானும் சொல்கிறேன். இங்கே முந்திரித் தோப்புப் பக்கம் அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) கடித்துத் தாடை சிதறிய நாய்களையும் பன்றிகளையும் பார்த்திருக்கிறேன். வாய் போன விலங்கு உடனே சாவதில்லை, தண்ணீர் குடிக்க முடியாமல் நாள் கணக்கில் கிடக்கும். அதனால்தான் தலையைக் குறிவைக்காதே என்று அந்தத் தம்பியிடம் முதலில் சொல்லுங்கள். நரியின் மூளை இருக்கும் இடம் சிறியது, தலை ஆடிக்கொண்டே இருக்கும், கொஞ்சம் தவறினால் தாடைதான் போகும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம். அது கிடைக்காவிட்டால் சுடவே வேண்டாம்.

ஆனால் காலிபரைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த நாட்டு நரியும் மார்ச், ஏப்ரலில்தான் குட்டி போடும். ஆடு குட்டி போடும் அதே மாதம். வயலுக்கு வருவது பால் கொடுக்கும் பெண் நரியாக இருந்தால், அதை எவ்வளவு சுத்தமாகச் சுட்டாலும் வளைக்குள் கண் திறக்காத நாலைந்து குட்டிகள் பசியில் சாகும். தாய்க்கு ஒரு நொடி, குட்டிகளுக்குப் பல நாள். இதை எந்த ரைஃபிளும் சரிசெய்யாது. அங்கே சட்டப்படி நரியைச் சுடக் கூடாத மாதம் என்று எதுவும் கிடையாது என்பதால் மனிதன்தான் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சுடுவதென்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை சுடட்டும். வசந்தத்தில் வேலியை நம்பட்டும்.

கெடிலக்கரை:
டாக்டர், பாதி ஒப்புக்கொள்கிறேன். நானும் குளிர்காலத்தில்தான் பெரும்பாலும் போகிறேன். ஆனால் ஏப்ரலில் ஒரு நரி தினமும் வந்து உயிருள்ள குட்டியைத் தூக்கினால், அடுத்த டிசம்பர் வரை பொறு என்று பண்ணைக்காரரிடம் சொல்ல முடியாது. அப்போது சுடத்தான் வேண்டும். விழுந்தது பால் கொடுக்கும் தாய் என்று தெரிந்தால் வளையைத் தேடிக் கண்டுபிடித்து, குட்டிகளையும் வேதனையில்லாமல் முடிப்பது சுட்டவரின் பொறுப்பு. அதற்கு மனசில்லாதவர் வசந்தத்தில் துப்பாக்கியை எடுக்கக் கூடாது.

கடலூர் கால்நடை டாக்டர்:
வளை எல்லா நேரமும் கிடைக்குமா? பக்கத்துப் பண்ணையில் இருந்தால்? காட்டுக்குள் இருந்தால்? அந்தப் பொறுப்பை எப்போதும் நிறைவேற்ற முடியாது என்பதால்தான் மாதத்தையே மாற்றச் சொல்கிறேன்.

முந்திரிக்காடு:
டாக்டர் சொன்னதைப் படித்த பிறகு .22 பேச்சை விடுகிறேன். ஒரு சந்தேகம். நம்மூரிலும் நரி கோழியைப் பிடிக்கிறது. பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கினால் சுடலாமா?

தேவனாம்பட்டினம்:
கூடவே கூடாது தம்பி. 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. அது துப்பாக்கி வைத்திருக்க மட்டும்தான் அனுமதி. வனவிலங்கைச் சுட அனுமதி இல்லை. நம்மூர் நரி வேறு இனம், 2022 திருத்தத்தில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலுக்கே போய்விட்டது. கோழிக்கூண்டைக் கம்பிவலையால் அடையுங்கள்.

கெடிலக்கரை:
பாகூரான் அண்ணே, தம்பிக்கு இதையும் அனுப்புங்கள். இரவில் கண் மினுங்குவதை மட்டும் பார்த்துச் சுடக் கூடாது. ஆடு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் கண் மினுங்கும். பேட்ஜர் அங்கே 1992 சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. உடல் சூட்டை வைத்துக் காட்டும் தெர்மல் கருவி எங்கே ஏதோ நிற்கிறது என்று காட்டும், அது என்ன என்று முழுசாகத் தெரிந்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். நரிக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இருக்க வேண்டும். மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நின்றால் விட்டுவிடட்டும், குண்டு ஒரு மைலுக்கு மேல் போகும். குச்சித் தாங்கியோ பைபாடோ இல்லாமல் சுட வேண்டாம். 100 மீட்டரில் ஒரு டம்ளர் வாய்க்குள் எல்லாக் குண்டும் விழும் வரை நரிப் பக்கமே போக வேண்டாம். போலீஸ் நிலத்தையும் காரணத்தையும் விசாரிக்கும், டாக்டரிடம் உடல்நலச் சான்றும் கேட்கும், பூட்டுள்ள இரும்புப் பெட்டியையும் பார்க்கும். உரிமம் ஐந்து வருடத்துக்கு.

பாகூரான்:
எல்லோருக்கும் நன்றி. பையனிடம் பேசினேன். விண்ணப்பத்தில் .223 எழுதப்போகிறான். மான் சுடும் எண்ணம் இல்லை, அதனால் .243 வேண்டாம் என்கிறான். டாக்டர் சொன்னதை அப்படியே பண்ணைக்காரரிடம் படித்துக் காட்டினானாம். பெரியவர் முதலில் கோபப்பட்டிருக்கிறார், பிறகு இந்த வருடம் குட்டி போடும் வயலுக்கு மட்டும் மின்வேலி போட ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் சுடுவதா வேண்டாமா என்பதில் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

ஊசுட்டேரி:
வேலி போடுவது சந்தோஷம். வேலி போட்ட பிறகு எத்தனை குட்டி போகிறது, எதனால் போகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கைப் பார்க்காமல் ரைஃபிளுக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் இப்போதும் என் கருத்து.