எல்லா டிராயிங்கும் பிரின்சிபல் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

வரைமேசை:
எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் 14 பேர். டைல் லேஅவுட் முதல் படிக்கட்டு வரை எதுவானாலும் அலுவலகத்தின் தலைமை ஆர்க்கிடெக்டான பிரின்சிபல் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சைட்டுக்குப் போகும். அவர் வெளியூர் போனால் எல்லாம் முடங்கிவிடுகிறது. போன மாதம் சென்ட்ரிங் ஆட்கள் இரண்டு நாள் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூலியை இப்போது கான்ட்ராக்டர் எங்களிடம் கேட்கிறார். டீம் லீடருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன தப்பு?

பழைய பென்சில்:
தப்புதான். நாளைக்கு ஏதாவது ஆனால் கிளையன்ட் டீம் லீடரைத் தேடி வரமாட்டார், என்னைப் போன்ற பிரின்சிபலைத்தான் கேட்பார். என் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தரைக்கும் முதல் மாடிக்கும் 10 அடி 6 அங்குலம்; 6 அங்குலத்தில் 21 படி. நடுவில் கிளையன்ட் தளத்தை ஓரடி உயர்த்தச் சொன்னார். ஜூனியர் செக்‌ஷனில் (உயரத்தைக் காட்டும் வெட்டுத்தோற்றம்) மட்டும் மாற்றினார், பிளானில் (மேலிருந்து பார்க்கும் வரைபடம்) 21 படி அப்படியே நின்றது. மேஸ்திரி பிளானைப் பார்த்துக் கட்டிவிட்டார். கடைசிப் படி மட்டும் ஒன்றரை அடி! கான்கிரீட்டை உடைத்தோம். அன்று நான் பார்க்காமல் விட்ட ஒரே டிராயிங் அதுதான்.

வரைமேசை:
சார், அந்த ஜூனியருக்குப் பக்கத்தில் இருந்தவர் பிளானையும் செக்‌ஷனையும் சேர்த்துவைத்துப் பார்த்திருந்தாலே அது மாட்டியிருக்கும். எங்கள் பிரின்சிபல் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து முப்பது ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அதைச் சரிபார்த்தல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எப்படியும் அவர் பார்ப்பார் என்று நாங்களும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம். இதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செம்மண்:
வரைமேசை சொல்வதுதான் சரி. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியான பவ்ஹவுஸைத் தொடங்கிய வால்டர் கிரோபியஸ் 1945-ல் ஏழு இளம் ஆர்க்கிடெக்ட்களோடு அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் 'தி ஆர்க்கிடெக்ட்ஸ் கொலாபரேட்டிவ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தபோது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பங்குதாரர்கள் வாராவாரம் உட்கார்ந்து ஒருவர் வேலையை மற்றவர் விமர்சிப்பார்கள். ஆனால் கடைசி முடிவு அந்த வேலைக்குப் பொறுப்பானவருடையது. அவ்வளவு பெரிய மனிதரே எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

பழைய பென்சில்:
அவர்கள் பங்குதாரர்கள் அம்மா. லாபமும் நஷ்டமும் அவர்களுடையது. ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போகிற பிள்ளையோடு எப்படி ஒப்பிடுவது? அந்த நிறுவனமும் 1995-ல் மூடப்பட்டதே.

செம்மண்:
ஐம்பது வருஷம் நடந்திருக்கிறது சார். கிரோபியஸ் 1969-ல் இறந்தார்; அதற்குப் பிறகும் 26 வருஷம் ஓடியது. நாளைக்கு நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் உங்கள் அலுவலகம் ஓடுமா? அப்புறம், அந்தப் பிள்ளை ஏன் ஆறு மாதத்தில் போகிறார்? ஒரு ஜன்னல் அளவைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாத இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். நானும் கிளம்பிவிட்டேன்.

பழைய பென்சில்:
ஒரு மாதம் ஓடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். டைல், கதவு, ஜன்னல், மின்சாரப் புள்ளிகள் எல்லாம் டீம் லீடரே அனுப்பட்டும். கான்கிரீட் போடுவதற்கு முந்தைய டிராயிங் எதுவும், படிக்கட்டு உட்பட, என் கண்ணில் படாமல் போகாது.

வரைமேசை:
எங்கள் சென்ட்ரிங் ஆட்கள் காத்திருந்ததே படிக்கட்டு டிராயிங்குக்குத்தான் சார்.

பழைய பென்சில்:
அப்படியானால் உங்கள் பிரின்சிபல் ஊரிலிருந்தே போனில் பார்க்கட்டும். அதை மட்டும் நான் விடமாட்டேன்.