பேச்சு குறைவான வெஸ்டர்ன் (கௌபாய்) படங்கள் சொல்லுங்கள், அப்பாவோடு பார்க்க

பாயிண்ட்ஸ்மேன் மகள், கொருக்குப்பேட்டை

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாவும் ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ பார்த்தோம். 1968இல் செர்ஜியோ லியோனி எடுத்த படம். அப்பாவுக்கு 76 வயது. தண்டையார்பேட்டை கூட்ஸ் யார்டில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது ரயில் தடம் மாற தண்டவாளத்தைத் திருப்பிவிடுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். காது மந்தம். கண்புரை ஆபரேஷன் முடிந்தும் சப்டைட்டில் படிக்க முடிவதில்லை, எழுத்துக் கூட்டுவதற்குள் ஓடிவிடுகிறது என்கிறார். இங்கிலீஷும் தெரியாது. பத்து நிமிஷத்தில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. படத்தின் ஆரம்பத்தில் மூன்று பேர் ஆளில்லாத ஒரு ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருப்பார்கள். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. காற்றாலை கிறீச் கிறீச் என்று சுற்றும். ஒருத்தன் தொப்பியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். இன்னொருத்தன் முகத்தில் ஈ. பின்னணி இசைகூடக் கிடையாது. அப்பா நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நைட் டூட்டி இப்படித்தாம்மா இருக்கும்” என்றார். ரேக் (கூட்ஸ் வண்டி) வரும் வரைக்கும் கைவிளக்கோடு உட்கார்ந்திருப்பது பற்றி நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அது எப்படிப்பட்ட நேரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய விஷயம். கதையில் ஒரு காய்ந்த நிலத்துக்காக ஒரு குடும்பத்தையே சுட்டுக் கொல்கிறார்கள். அந்தப் பொட்டலில் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. சுற்றுவட்டாரத்தில் அங்கே மட்டும்தான் தண்ணீர் இருக்கிறது, நீராவி இஞ்சின் அந்தப் பக்கம் வந்தால் அங்கே நின்றுதான் ஆகவேண்டும் என்று படம் பாதிக்கு மேல் போன பிறகுதான் சொல்கிறார்கள். அப்பா அதற்கு வெகு முன்னாலேயே, கிணற்றைப் பார்த்ததும், “இஞ்சினுக்குத் தண்ணி வேணும்ல, அதான்” என்று சொல்லிவிட்டார். 1971இல் அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஷண்டிங் (யார்டில் பெட்டிகளைத் தள்ளிச் சேர்ப்பது) எல்லாம் நீராவி இஞ்சினில்தான். யானைத் தும்பிக்கை மாதிரி குழாயைத் திருப்பி இஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் டெண்டர் தொட்டியில் தண்ணீர் விடுவதைக் கையால் செய்து காட்டினார். ஒரு வசனம் புரியாதவர் கதையின் முடிச்சை எனக்கு முன்னால் அவிழ்த்துவிட்டார். அவர் இத்தனை சந்தோஷமாகப் பேசி நான் பார்த்து நாளாகிறது.

சிறுவனைச் சுடும் காட்சியில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துப்பாக்கிச் சத்தம் அப்படியே ரயிலின் அலறலாக மாறும் இடம் அது. எனக்கும் நெஞ்சை என்னவோ செய்தது. அந்த மாதிரி வேண்டாம்.

‘அன்ஃபர்கிவன்’ போட்டுப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த படம், ஆனால் பேச்சு அதிகம், அப்பா தூங்கிவிட்டார். பார்த்தாலே புரிகிற வெஸ்டர்ன் வேறு என்ன இருக்கிறது? நீங்கள் சமீபத்தில் பார்த்தது எதுவானாலும் சொல்லுங்கள்.

டைகர் ரசிகன், ராயபுரம்

லியோனியே போதும் தோழி. ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி’ (1966) போன மாசம்தான் நாலாவது தடவையாகப் பார்த்தேன். முதல் வசனம் வருவதற்கே ஏறக்குறைய பத்து நிமிஷம் ஆகும். கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் மூன்று பேரும் வட்டமாக நிற்கும் இடத்தில் வாயே திறக்க மாட்டார்கள், கண்ணும் கையும் மோரிகோனியின் இசையும்தான். பாலம் வெடிக்கும் காட்சியை அப்பா கட்டாயம் பார்க்கவேண்டும். கேமரா ஓடுவதற்கு முன்பே பாலம் வெடித்துவிட்டது. ஸ்பெயின் ராணுவத்தினர் மறுபடி கட்டிக் கொடுத்து, இரண்டாவது தடவை வெடித்ததைத்தான் நாம் பார்க்கிறோம்.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர் என்று கௌபாய் காமிக்ஸ்களைத் தேடித்தேடி வாங்கியவன் நான். ரயில் பாதை, நிலச் சண்டை எல்லாம் அதில் படித்ததுதான். அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் சேர்த்த தண்டவாளம் 1869இல்தான் முடிந்தது. நம்ம ராயபுரத்திலிருந்து 1856லேயே வாலாஜா ரோடு வரை ரயில் போய்விட்டது.

காசிமேடு பெரியவர்

அம்மாடி, உங்க அப்பாவிடம் ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ என்று மட்டும் சொல்லிப் பாருங்க. அந்தக் காலத்து ஆள் என்றால் கண்டிப்பாகப் பார்த்திருப்பார். கிரிகோரி பெக், ஓமர் ஷெரீப். அமெரிக்காவில் ஓடாத படம் நம்ம நாட்டில் அப்படி ஓடியது. நாங்கள் மினர்வாவில் இங்கிலீஷ் படம் பார்க்கப் போகும்போது எங்களில் ஒருத்தனுக்கும் இங்கிலீஷ் தெரியாது. மலை இடிந்து விழுவதும், தங்கம் இருப்பது தெரியாமலே கதாநாயகன் குதிரையில் போவதும் புரிய பாஷை எதற்கு?

ஜெய்சங்கர் நடித்து கர்ணன் எடுத்த ‘கங்கா’வும் (1972) போட்டுக் காட்டுங்க. குதிரை, துப்பாக்கி எல்லாம் நம்ம தமிழிலேயே. கர்ணன் முதலில் ஒளிப்பதிவாளர், அதனால் காட்சியிலேயே கதை நகரும்.

வியாசர்பாடி வாசகி

உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன், உண்மையாகவே. எங்கள் தாத்தாவும் யார்டில்தான் இருந்தார்.

ஒரு படம் பற்றிச் சொல்லவேண்டும். ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) இந்த வாரம் பார்த்தேன். கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தூக்கிப்போன அண்ணன் மகளைத் தேடி ஜான் வெய்ன் வருஷக்கணக்கில் அலைகிறார். கிடைத்தால் அவளையே கொன்றுவிடும் அளவுக்கு அவர்கள் மேல் வெறுப்பு. அந்த வெறுப்பை ஒரு நோயாகவே ஜான் ஃபோர்டு காட்டுகிறார், அதனால் படத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கொமாஞ்சித் தலைவனாக நடித்தவர் ஜெர்மனியில் பிறந்த வெள்ளைக்காரர். அந்த மக்களைப் பற்றிய கதையில் அவர்கள் குரல் இல்லை. நம்ம ஏரியா என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று படம் எடுக்கிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு வருகிற கோபம்தான் இதிலும் வந்தது. வேலைக்குப் போய் வரும் பாயிண்ட்ஸ்மேனை யார் காட்டுகிறார்கள்? கடைசியில் கதவு வழியாக ஜான் வெய்ன் தனியே நடந்து போகும் காட்சியை மட்டுமாவது அப்பாவுக்குக் காட்டுங்கள்.

லோகோ ஷெட், பெரம்பூர்

ரயில்காரருக்கு ‘தி ஜெனரல்’தான். 1926, பஸ்டர் கீட்டன், மௌனப் படம். கௌபாய் படம் இல்லை, அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1862இல் ஒரு இஞ்சினைத் திருடிக்கொண்டு போன நிஜச் சம்பவத்தை வைத்து எடுத்தது. படம் முழுக்க நீராவி இஞ்சின்கள் துரத்திக்கொள்ளும். யூடியூபில் கிடைக்கிறது. காதும் வேண்டாம், சப்டைட்டிலும் வேண்டாம். அதற்கப்புறம் ‘ஹை நூன்’ (1952) போடுங்கள். பன்னிரண்டு மணி ரயிலில் கொலைகாரன் வருகிறான், ஊரே கைவிட்ட மார்ஷல் (ஊர்க்காவல் அதிகாரி) தனியாக நிற்கிறார். அவ்வளவுதான் கதை. 85 நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

பாயிண்ட்ஸ்மேன் மகள், கொருக்குப்பேட்டை

எல்லோருக்கும் நன்றி. காசிமேடு ஐயா, படத்தின் பெயரைச் சொன்னதுமே அப்பா கழுகு பறப்பதைக் கையால் காட்டினார்!

நேற்று ‘தி ஜெனரல்’ பார்த்தோம். கீட்டன் இஞ்சினின் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்டவாளத்தில் கிடக்கும் கட்டையை இன்னொரு கட்டையால் அடித்துத் தள்ளுவார். அப்பா அதை மூன்று தடவை திரும்பப் போடச் சொன்னார். ஓடுகிற இஞ்சினில் அங்கே உட்கார எத்தனை தைரியம் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாது என்றார். பாயிண்ட் மாற்றுகிற இடம் வரும்போதெல்லாம் அவர் கை தானாக நாற்காலிப் பிடியை இழுத்தது.

எரியும் பாலம் உடைந்து இஞ்சின் ஆற்றில் விழும் காட்சி வந்ததும், அது பொம்மையா என்று கேட்டார். நிஜ இஞ்சின்தான், ஒரே தடவையில் எடுத்தது, விழுந்த இடத்திலேயே வருஷக்கணக்காகக் கிடந்தது என்று தேடிப் படித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “டிரைவர் பாத்திருந்தா மனசு தாங்கியிருக்காது” என்றார்.

அடுத்த ஞாயிறு ‘ஹை நூன்’. பின் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ரயில்வே கார்டு மாமாவையும் கூப்பிட்டிருக்கிறார். வியாசர்பாடி சகோதரி, உங்கள் தாத்தா எந்த வருஷம் வரை யார்டில் இருந்தார் என்று அப்பா கேட்கச் சொன்னார்.