ஃபோமல்ஹாட்: மீன்வாயா, கயல்வாயா?

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளி விண்படத்தில் ஃபோமல்ஹாட் என்ற விண்மீனுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்ற பேச்சில் ஒருவர் எழுதியது:

> அரபிப் பெயர்தானே, 'ஃபோமல்ஹாட்' என்று அப்படியே எழுதிவிடுவோம். மொழிபெயர்ப்பது பெயருக்குச் செய்யும் அநியாயம்.

இந்த வரிக்குத்தான் மறுமொழி. முதலில், 'ஹாட்' அரபியே இல்லை. 'ஹூத்' என்ற சொல் ஐரோப்பிய ஏடுகளில் பட்ட பாடு அது. முழுப்பெயர் 'ஃபம் அல்-ஹூத் அல்-ஜனூபீ'. ஃபம் என்றால் வாய், ஹூத் என்றால் மீன், ஜனூபீ என்றால் தெற்கத்திய. தென்திசை மீனின் வாய். (இன்றைய அரபியில் ஹூத் பெரும்பாலும் திமிங்கலத்தைக் குறிக்கும். யூனுஸ் நபியை விழுங்கியதும் ஹூத்தான். குர்ஆன் அவரை 'சாஹிபுல் ஹூத்' என்கிறது.)

இரண்டாவது, இந்தப் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு. 2ஆம் நூற்றாண்டில் வானியலாளர் தாலமி கிரேக்கத்தில் தொகுத்த விண்மீன் பட்டியலில், கும்பத்திலிருந்து கொட்டும் நீர் முடியும் இடத்தில், தெற்கு மீனின் வாயில் உள்ள விண்மீன் என்றுதான் இது வருகிறது. அதை அரபியாக்கியவர்கள் கிரேக்க ஒலியைக் கட்டி இழுக்கவில்லை, பொருளைத் தம் மொழியில் சொன்னார்கள். அரபிகள் இதை 'முதல் தவளை' என்றும் சொல்வதுண்டு. இரண்டாம் தவளை இன்றும் 'டிஃப்டா' என்ற பெயரில் விண்படங்களில் உட்கார்ந்திருக்கிறது! ஆக, மொழிபெயர்த்தால் அரபிக்கு அநியாயம் ஆகாது. அவர்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்.

அல்டெபரான் என்ற விண்மீனின் பெயர் அப்படியல்ல. 'பின்தொடர்வது' என்ற அந்தப் பெயர் அரபிகளே வைத்தது. கார்த்திகைக் கூட்டத்தின் பின்னால் வருவதால். நமக்கு அங்கே உரோகிணி இருக்கிறது, கவலை இல்லை. அல்டாயிர் என்ற விண்மீனுக்குத் திருவோணம். ஃபோமல்ஹாட்டோ 27 நாள்மீன்களில் (நட்சத்திரங்களில்) சேராதது. ஐப்பசியில் இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால், சுற்றிலும் பளிச்சென்று வேறொன்றும் இல்லாமல் தனியாக நிற்கும். சென்னையில் அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் நடுவாந்திரத்தில் தெரியும். 25 ஒளியாண்டுத் தொலைவு.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். 'மீன்வாய்' என்றால் தமிழில் மீனின் வாயா, விண்மீனின் வாயா? அரபிக்கு இல்லாத தொல்லை நமக்கு. இது இருக்கும் விண்மீன் கூட்டமான தெற்கு மீனை 'தென்மீன்' என்பதும் சரிப்படாது. 'வடமீன்' என்றால் அருந்ததி என்று சங்கப் பாட்டு படித்தவர்களுக்குத் தெரியும். அந்த வழக்கில் 'தென்மீன்' என்றதும் தெற்கே உள்ள ஏதோ விண்மீன், ஒருவேளை அகத்தியர், என்றுதான் மனம் போகும்.

என் முன்மொழிவு: கூட்டத்துக்குத் 'தென்மீனம்'. மீனம் என்றால் ராசி நினைவு வரும், விண்மீன் என்ற பொருள் வராது. விண்மீனுக்குக் 'கயல்வாய்'.

---

ஐயா, தென்மீனம் அருமை, கைதட்டுகிறேன். ஆனால் கயல் என்றதும் தமிழனுக்குக் கண்தானே ஞாபகம் வரும்? 'கயல்விழி' கேட்ட காதில் 'கயல்வாய்' விழுந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். 'மீனவாய்' என்று வைத்தால்?

---

மீனவாய் என்று சொல்லிப் பாருங்கள் அம்மா, மீனவரைக் கூப்பிடுவது போல இருக்கிறது. சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்த சொல் மறக்காது. கயல் ஒருவகை மீனின் பெயர்தானே என்ற மறுப்பை எதிர்பார்த்தேன், அது வரவில்லை. வந்திருந்தால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

பள்ளி விண்படத்தில் 'தென்மீனம்' என்று இன்றே எழுதிவிடுகிறேன். விண்மீனுக்குக் 'கயல்வாய்', அடைப்புக்குள் 'ஃபோமல்ஹாட்'. ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம், படம் திங்களன்றுதான் அச்சுக்குப் போகிறது.