2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது உங்களுக்கு என்ன நடந்தது, சேலத்துக்காரர்களே?

அம்மாப்பேட்டைக்காரன்:
தம்பி அப்போது இத்தாலியில், மிலானில் படித்துக்கொண்டிருந்தான். பிப்ரவரி 21 ராத்திரி போன் பண்ணி, "கோதோன்யோன்னு ஒரு ஊர்ல வந்துடுச்சுண்ணா" என்றான். எவ்வளவு தூரம்டா என்றேன். அறுபது கிலோமீட்டர் இருக்குமாம். சரி, நமக்கு ஈரோடு மாதிரி என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். இரண்டே நாளில் 11 ஊர்களை அடைத்தார்கள். அம்மா அசரவில்லை. "மிளகு தூக்கலாப் போட்டு ரசம் வெச்சுக் குடி கண்ணு" என்றார்.

மார்ச் 7 ராத்திரி, மிலான் இருக்கும் லொம்பார்டி மாநிலம் முழுவதையும் மூடப்போகிறார்கள் என்ற சேதி முன்கூட்டியே கசிந்துவிட்டது. தெற்கே போகும் ரயில்களுக்கு முண்டியடித்தார்கள். தம்பியோடு தங்கியிருந்த தென்பகுதிப் பையனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நோயும் டிக்கெட் இல்லாமல் ஏறியிருக்குமே! தம்பி மட்டும் கிளம்பவில்லை. "நான் வந்து அம்மாவுக்கு ஒட்டிடுச்சுன்னா?" என்றான். அன்றைக்கு அவனைத் திட்டினேன்.

மார்ச் 18, அதே மாநிலத்து பெர்காமோ நகரில் ராணுவ லாரிகளில் சவப்பெட்டிகள் போயின. அம்மா பார்க்கக் கூடாதென்று கேபிள் வயரைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அம்மா ரசத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

ஏற்காட்டு வாசி:
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே எங்கே வரப்போகிறது என்றுதான் இருந்தோம். எங்கள் ஹோம்ஸ்டேயில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்கியிருந்தார்கள். ஐரோப்பாவில் முதலில் உறுதியானது பிரான்சில்தான், ஜனவரி 24இல். ஆனால் இவர்கள் டிசம்பரிலேயே இந்தியா வந்தவர்கள். யார் கேட்டார்கள்? கடையில் பால் தர மறுத்தார்கள். மார்ச் 17 அவர்கள் நாட்டில் ஊரடங்கு. 22 முதல் இங்கே வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தம். போகவும் முடியாது, இருக்கவும் விடமாட்டார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? டீயைத் திண்ணையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த அம்மா குடித்த டம்ளரைத் தானே சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைப்பார்.

செவ்வாய்ப்பேட்டை:
கொலுசுப் பட்டறை. வடக்கே போக வேண்டிய சரக்கு மூட்டையாகவே கிடந்தது. வேறென்ன சொல்ல. அண்ணா, தம்பி வந்து சேர்ந்தாரா?

அம்மாப்பேட்டைக்காரன்:
ஆகஸ்டில், வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக நம் அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில். தனிமை முடிந்து தெருவுக்குள் நுழைந்தவனைப் பார்த்து, அவன் சோறு போட்டு வளர்த்த நாயே குரைத்தது.