வெசாக் நேரம் பிள்ளைகளோடு கொழும்பில் எங்கே போகலாம்?

யாழ்ப்பாணத்திலிருந்து அக்காவும் இரண்டு பிள்ளைகளும் மே மாதம், பௌத்தர்களின் வெசாக் பண்டிகை நேரம் வருகிறார்கள். வெள்ளவத்தையில்தான் நிற்பார்கள். எங்கே கூட்டிக்கொண்டு போகலாம்?

பதில் 1:
கங்காராமை விகாரை, பேர வாவிப் பக்கம்தான். யோசிக்கவே வேண்டாம். இருட்ட முன்னமே போய் வாவிக்கரையில் இடம் பிடியுங்கள். காற்றடித்தால் வெசாக் கூடுகள் என்ற விளக்குக் கூண்டுகளின் தாள் வால்கள் சரசரவென்று சத்தம் போடும், வெளிச்சம் தண்ணீரில் ஆடும். என் மகள் அதைவிட்டு அசையவே மாட்டாள். இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சலில் வரிசை நின்று, அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் கட்டாயம் சாப்பிடுங்கள். கார் வேண்டாம், நடைதான் சரி.

பதில் 2:
இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும், முதலே வாங்கி வையுங்கள். அப்புறம், ஆடி மாதம் நடக்கும் முருகன் திருவிழாவான ஆடிவேலுக்கும் அக்காவைக் கூப்பிடுங்கள். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வேல் ரதத்தைப் பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. இன்றைக்கே அக்காவுக்குச் சொல்கிறேன்.